பாய்ம அழுத்தச் சோதனைப் பெட்டி: பொருட்கள் நன்று, கையேடு தப்பு

பாய்மங்களின், அதாவது நீர்மம், வளிமம் ஆகியவற்றின், அழுத்தம் பற்றிய பாடத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒரே பெட்டியில் அடுக்கித் தரும் தொகுப்பு இது. ஒரே மாதிரிப் பெட்டி பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பார்ப்போம். 10 மி.லி, 60 மி.லி சிரிஞ்சுகளும் அவற்றை இணைக்கும் குழாயும். அழுத்தத்தை நீர்மட்ட வேறுபாடாகக் காட்டும், பலகையில் பொருத்திய யூ வடிவ மானோமீட்டர். ரப்பர் படலம் கட்டிய புனல். மூன்று துளையிட்ட 30 செ.மீ உயர உருளைக் கலன், நிரம்பினால் மூக்கு வழியே நீர் வழியும் வழிகலன், 50 கன செ.மீ பித்தளை உருளை. 5 நியூட்டன் சுருள்வில் தராசு. அடியில் ஒன்றோடொன்று இணைந்த நான்கு வடிவத் தொடர்புக் கலன்கள். இரண்டு ரப்பர் உறிஞ்சு கிண்ணங்கள். நடுவில் குறுகும் ஒரு வெண்டுரி குழாய். கூடவே ஒரு கையேடு.

பொருட்களில் பெரும்பாலானவை பணத்துக்குப் பழுதில்லை. கையேடு மட்டும் சில இடங்களில் இயற்பியலையே தப்பாகச் சொல்கிறது. மாணவர்கள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்பதால் இதை லேசாக விட முடியாது. கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு அளவுகோலையும் தராசையும் எடுத்து உட்கார்ந்தால் இந்தப் பெட்டியிலிருந்து நிறையவே கற்கலாம்.

சிரிஞ்சு ஜோடியில் தொடங்கலாம். அடைபட்ட பாய்மத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிக்கு இதைவிட எளிய கருவி கிடையாது. ஆனால் "60-ஐ 10-ஆல் வகுத்தால் 6, எனவே விசை 6 மடங்கு பெருகும்" என்று கையேடு போட்டிருக்கிறது. இது தவறு. விசை பெருகுவது பிஸ்டன்களின் பரப்பு விகிதத்தைப் பொறுத்தது. கொள்ளளவு விகிதத்தை அல்ல. பெரிய சிரிஞ்சு அகலமானது மட்டுமில்லை, நீளமும் கூட. பரப்பைக் கண்டுபிடிக்க வெர்னியர்கூட வேண்டாம், சிரிஞ்சின் மேல் அச்சிட்ட கோடுகளே போதும். சிறிய சிரிஞ்சில் 0 கோட்டிலிருந்து 10 மி.லி கோடு வரை அளவுகோலை வைத்தால் சுமார் 6 செ.மீ வரும். 10 கன செ.மீ-ஐ 6 செ.மீ-ஆல் வகுத்தால் 1.67 சதுர செ.மீ. பெரியதில் 50 மி.லி வரையிலான நீளம் 8.9 செ.மீ, ஆக 5.6 சதுர செ.மீ. விகிதம் 3.4-ஐ ஒட்டி வருகிறது, 6 எங்கும் இல்லை. தயாரிப்புக்குத் தயாரிப்பு இந்த நீளங்கள் மாறும் என்பதால் கையில் இருக்கும் சிரிஞ்சையே அளந்துகொள்ள வேண்டும்.

சிறிய பிஸ்டனை 4 செ.மீ அழுத்தினால் பெரியது 1.2 செ.மீ-தான் ஏறும். விசையில் கிடைத்த லாபத்தைத் தூரத்தில் கொடுத்தாக வேண்டும் என்பதை மாணவர் தானே அளந்து பார்த்துவிடலாம். இந்த அளவீட்டில் உராய்வு தலையிடாது, அதனால் உள்ளே காற்றுக் குமிழி இல்லாவிட்டால் சரியாக வரும். முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

விசையை அளப்பதில்தான் சிக்கல். பிஸ்டன் முனையிலுள்ள ரப்பர், குழலின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சிறிய பிஸ்டன் மேல் 500 கிராம் வைத்தால் பெரியதின் மேல் 1.7 கிலோ வைத்துச் சமன் செய்ய வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அதற்குக் கீழேயும் மேலேயும் ஒரு நல்ல இடைவெளிக்கு எந்த எடை வைத்தாலும் பிஸ்டன் அசையாமல் நிற்கும். அங்கே ஏதோ ஓர் எடையைப் பிடித்து எழுதினால் விடை எப்படியும் வரும். சரியான வழி இரண்டு எல்லைகளையும் எடுப்பது. பெரிய பிஸ்டன் மேல் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அது இறங்கத் தொடங்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு குறைத்துக்கொண்டே வந்து, ஏறத் தொடங்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். உராய்வு ஒருமுறை மேல்நோக்கியும் ஒருமுறை கீழ்நோக்கியும் செயல்படுவதால் இரண்டின் சராசரியில் பெரும்பாலும் கழிந்துவிடும். பிஸ்டன் ரப்பரில் ஒரு சொட்டு கிளிசரின் தடவினால் அந்த இடைவெளியே சுருங்கும். தாவர எண்ணெய் தடவச் சொல்லும் கையேட்டின் யோசனையைக் கேட்க வேண்டாம். எண்ணெய் ஊறி ரப்பர் உப்பிக்கொண்டால் பிஸ்டன் முன்னைவிட மோசமாகச் சிக்கும்.

இரண்டு பிஸ்டன்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். 10 செ.மீ உயர வேறுபாடு 980 பாஸ்கல். பெரிய பிஸ்டனில் அது 0.55 நியூட்டன், அதாவது 56 கிராம் எடை. சிறிய எடைகளை வைத்துச் சோதிக்கும்போது இதுவே விடையைக் கெடுத்துவிடும்.

காற்றுக் குமிழி இன்னொரு தொல்லை. சிறிய பிஸ்டனை 10 நியூட்டன் விசையால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் 60 கிலோபாஸ்கல் கூடும். அப்போது குழாயில் சிக்கிய 1 மி.லி குமிழி 0.63 மி.லி-ஆகச் சுருங்கும். தள்ளிய தூரத்தில் 2 மி.மீ-க்கு மேல் குமிழிக்கே போய்விடும், எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேராது. ஒரு வாளித் தண்ணீரில் சிரிஞ்சு, குழாய் எல்லாவற்றையும் முக்கி, உள்ளேயே நிரப்பி, உள்ளேயே இணைத்தால் குமிழி வராது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் இன்னும் நல்லது. கரைந்திருக்கும் காற்று மெல்லப் பிரிந்து சுவரில் ஒட்டுவது குறையும். குழாய் முனையைக் குறைந்தது 1 செ.மீ செருகி ஒரு கேபிள் டை போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் அழுத்தியதுமே கழன்று எல்லோர் மேலும் தெறிக்கும்.

பெட்டியின் மிகச் சிறந்த உறுப்பு மானோமீட்டர். 6 மி.மீ உள்விட்டக் குழாய், மில்லிமீட்டர் கோடுகள், நேராக நிற்கும் பலகை என எதிலும் குறை சொல்ல முடியாது. 1 செ.மீ மட்ட வேறுபாடு 98 பாஸ்கல் என்று நேராகப் படித்துவிடலாம். சாயம் கலந்த நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் போதும். நீர் சுவரில் ஒட்டி நின்று பொய் சொல்வது நின்றுவிடும்.

அதோடு குழாயால் இணையும் படலப் புனல்தான் பலவீனம். 10 செ.மீ ஆழத்தில் புனலை வைத்தால் மானோமீட்டரில் 10 செ.மீ வேறுபாடு வர வேண்டும். வராது, குறைவாகவே வரும். காரணம், நீரின் அழுத்தத்தில் ஒரு பகுதியைப் படலத்தின் இழுவிசையே தாங்கிக்கொள்கிறது. மீதிதான் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போகிறது. பறைபோல விறைப்பாகக் கட்டினால் பல சென்டிமீட்டர்கூடக் குறையலாம். தொழிற்சாலையில் கட்டி அனுப்பும் படலம் மிக விறைப்பாக இருக்கிறது. அதை அவிழ்த்து, மெல்லிய ரப்பரைச் சற்றுத் தளர்வாகக் கட்டினால் நிலைமை நன்றாகவே மாறும். துல்லியம் வேண்டுமென்றால் படலமே வேண்டாம். வெறும் புனலைக் கவிழ்த்து இறக்கி, ஆழத்தை வெளி நீர்மட்டத்திலிருந்து புனலுக்குள் ஏறி நிற்கும் நீர்மட்டம் வரை அளந்தால் இரு எண்களும் ஒத்துப்போகும்.

எல்லாத் திசையிலும் அழுத்தம் சமம் என்று காட்டப் படலம் அவசியம். அங்கே இந்தப் பெட்டியில் வடிவமைப்புப் பிழை ஒன்று இருக்கிறது: புனலைத் தாங்கும் கம்பி அதன் விளிம்பைப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் திருப்பும்போது படலத்தின் மையம் ஏறத்தாழ 2 செ.மீ இடம் மாறும். மானோமீட்டர் அந்த 2 செ.மீ-க்கு உரிய மாற்றத்தைக் காட்டும். "திசைக்குத் திசை அழுத்தம் மாறுகிறது" என்று மாணவர் எழுதினால் அவர்மேல் தப்பில்லை, அவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் படலத்தின் மையம் அதே ஆழத்துக்கு வரும்படி கம்பியை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும்.

இணைப்புக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அளவைப் படிக்கக் கூடாது. உள்ளே சுமார் 15 மி.லி காற்று இருக்கிறது. அது ஒரு டிகிரி சூடேறினாலே மட்டத்தில் 3 மி.மீ வரை நகர்வு தெரியும். ஆழம் மாறாமலேயே எண் மாறுகிறதே என்று குழம்புவது பெரும்பாலும் கைச்சூட்டால்தான்.

கையேட்டில் இல்லாத ஒரு சோதனையை இங்கே சேர்க்கலாம். 100 மி.லி நீருக்கு 35 கிராம் என்ற கணக்கில் உப்பைக் கரைத்து உயரமான கலனில் ஊற்றினால் அடர்த்தி ஏறத்தாழ நீரைப்போல் 1.2 மடங்கு ஆகும். அதில் 10 செ.மீ ஆழத்தில் வெறும் புனலை வைத்தால் மானோமீட்டர் 12 செ.மீ காட்டும். அழுத்தச் சூத்திரத்தில் அடர்த்தி ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இனி மூன்று துளைக் கலன். அடித்துளையிலிருந்து வரும் நீர்தான் மிகத் தொலைவில் விழும் என்று கையேட்டின் படம் காட்டுகிறது. பல பாடப்படங்களிலும் இதே பிழை உண்டு. கலனை மேசைமேல் வைத்துச் செய்து பார்த்தால் நடுத்துளை நீர்தான் தொலைவில் விழுகிறது. அடித்துளையில் அழுத்தம் அதிகம், வெளியேறும் வேகமும் அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நீர் மேசையைத் தொடுமுன் விழ வேண்டிய உயரம் குறைவு, பறக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. விழும் தூரம் என்பது நீர்மட்டத்திலிருந்து துளை வரையிலான ஆழத்தையும், துளையிலிருந்து தரை வரையிலான உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2-ஆல் பெருக்கினால் கிடைப்பது. 30 செ.மீ நீர்மட்டத்தில் 7.5, 15, 22.5 செ.மீ ஆழங்களில் துளைகள் இருந்தால் மேல் துளைக்கும் அடித்துளைக்கும் ஒரே தூரம், 26 செ.மீ. நடுத்துளைக்கு 30 செ.மீ.

கலனை 30 செ.மீ உயரமுள்ள ஒரு பெட்டியின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். இப்போது மேலிருந்து கீழாக 40, 52, 58 செ.மீ என்று வரும், அடித்துளை முந்திவிடும். கையேடு காட்டும் படம் இப்படி உயர்த்தி வைத்தால்தான் உண்மையாகும். இரண்டு நிலையிலும் செய்து காட்டினால் ஆழம், வேகம், பறக்கும் நேரம் மூன்றையும் மாணவர் பிரித்துப் புரிந்துகொள்வார். ஒரே நிலையில் காட்டினால் ஒன்று பாடம் பொய்யாகத் தெரியும், இல்லை பொய் பாடமாகிவிடும். நிஜத்தில் கிடைக்கும் தூரம் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறையும், துளையில் கொஞ்சம் ஆற்றல் போகிறது. துளையின் உட்புறத்தில் பிசிறு இருந்தால் தாரை கோணிப்போகும். ஒரு மெல்லிய அரத்தால் வழித்துவிட வேண்டும். துளைகளை ஒரே டேப்பால் மூடி ஒரே இழுப்பில் உரித்து, மேலிருந்து நீர் ஊற்றி மட்டத்தை நிலையாக வைத்திருப்பது முக்கியம்.

ஆர்க்கிமிடீஸ் பகுதியில் பொருட்தேர்வே சரியில்லை. 50 கன செ.மீ பித்தளை உருளையின் எடை 4.2 நியூட்டன் அளவில் இருக்கும். அதைத் தாங்க 5 நியூட்டன் தராசு கொடுத்திருக்கிறார்கள். அதன் ஒரு பிரிவு 0.1 நியூட்டன். நாம் அளக்க வேண்டிய எடை இழப்போ வெறும் 0.49 நியூட்டன். ஒவ்வொரு வாசிப்பிலும் அரைப்பிரிவு தவறினால் விடையில் 20 விழுக்காடு வரை ஆடும். அதே அளவு அலுமினிய உருளை கொடுத்திருந்தால் எடை 1.3 நியூட்டன்தான், 2.5 நியூட்டன் தராசு போதும், பிரிவுகளும் பாதியாகக் குறைந்திருக்கும். தயாரிப்பாளர்கள் மாற்ற வேண்டிய முதல் பொருள் இந்த உருளை.

அதுவரை ஒரு டிஜிட்டல் தராசு இருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம். வழியாத அளவுக்கு நீர் ஊற்றிய முகவையைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, உருளையை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக முக்க வேண்டும். தராசு 50 கிராம் காட்டும். உருளையின் நிறை ஏறத்தாழ 420 கிராம் என்றாலும் தராசுக்குத் தெரிவது அது இடம்பெயர்த்த நீரின் நிறை மட்டுமே. நீர் உருளையை மேலே தள்ளும் அதே விசையால் உருளை நீரைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியும் இதே சோதனையில் வந்துவிடுகிறது. நூலைச் சுருள்வில் தராசில் மாட்டினால் மேலே குறைவதும் கீழே கூடுவதும் ஒரே நேரத்தில் தெரியும். உருளையின் மேல் ஒட்டிய குமிழிகளை விரலால் தட்டிவிட மறக்கக் கூடாது, ஒவ்வொரு குமிழியும் கூடுதல் கன அளவு.

உருளையை இன்னும் ஆழமாக இறக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் மிதப்பு விசை கூடும் என்பார்கள். ஆழத்தோடு அழுத்தம் கூடும் என்று சற்று முன்புதானே மானோமீட்டரில் பார்த்தார்கள். இந்த உருளையின் உயரம் 5 செ.மீ, குறுக்குப் பரப்பு 10 சதுர செ.மீ. எந்த ஆழத்தில் வைத்தாலும் அடிப்பக்க அழுத்தம் மேல்பக்க அழுத்தத்தைவிட 490 பாஸ்கல் அதிகம், பரப்பால் பெருக்கினால் 0.49 நியூட்டன். இரு பக்கமும் சேர்ந்தே கூடுவதால் வேறுபாடு மாறுவதில்லை. அழுத்தப் பாடத்தையும் மிதப்புப் பாடத்தையும் இணைக்கும் கண்ணி இதுவே; கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது பெரிய ஏமாற்றம்.

வழிகலன் பரவாயில்லை. மூக்கின் நுனியில் பரப்பு இழுவிசையால் நீர் தொங்கி நிற்பதால் சில மி.லி குறையும், சொட்டு முழுதாக நின்ற பிறகே உருளையை இறக்கத் தொடங்க வேண்டும், அதுவும் மெதுவாக. தொடர்புக் கலன்களில் மெல்லிய கிளையில் நீர் சற்று உயர்ந்து நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது நுண்புழை ஏற்றம். 1 மி.மீ உள்விட்டக் கண்ணாடிக் குழாயில் நீர் 3 செ.மீ வரை ஏறும்.

உறிஞ்சு கிண்ணங்கள் உறுதியானவை. விளிம்பை நனைத்து ஒன்றோடொன்று அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும். 8 செ.மீ விட்டத்துக்கு 50 சதுர செ.மீ பரப்பு, உள்ளே காற்றே இல்லையென்றால் பிரிக்க 500 நியூட்டனுக்கு மேல் வேண்டும். கையால் அழுத்தி எல்லாக் காற்றையும் வெளியேற்ற முடியாததால் இதற்கும் குறைந்த விசையிலேயே பிரியும். "வெற்றிடம் இழுத்துப் பிடிக்கிறது" என்று கையேடு எழுதியிருப்பதை அடித்துவிட்டு, வெளிக்காற்று அழுத்திப் பிடிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கிண்ணம் என்பதால் விசை இரட்டிப்பாகும் என்பதும் தப்பு. ஒன்றைச் சுவரில் கட்டியிருந்தாலும் அதே விசைதான்.

வெண்டுரி குழாய் நல்ல வேலைப்பாடு. குறுகிய கழுத்தில் நிற்கும் செங்குத்துக் குழாயில் நீர்மட்டம் பளிச்சென்று இறங்குகிறது. ஆனால் கழுத்தைத் தாண்டிய அகலப் பகுதியில் மட்டம் பழைய உயரத்துக்குத் திரும்பாது. கையேட்டுப் படத்தில் இரண்டும் சமமாக இருக்கின்றன. நிஜ நீருக்குப் பாகுநிலை உண்டு, வழியில் ஆற்றல் இழப்பு உண்டு. கருவி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். குழாய்நீரை நேராக இணைத்தால் மட்டங்கள் துள்ளும். நீர்மட்டம் மாறாத ஒரு தொட்டியிலிருந்து விட்டால் நின்று படிக்கலாம்.

இதே பக்கத்தில் உதட்டருகே காகிதப் பட்டையைப் பிடித்து அதன் மேல் ஊதும் சோதனையைச் சேர்த்து, "வேகமாகப் போகும் காற்றில் அழுத்தம் குறைவு, அதனால் காகிதம் எழுகிறது" என்று விளக்கியிருக்கிறார்கள். வேகத்தையும் அழுத்தத்தையும் தொடர்புபடுத்தும் பெர்னூலி சமன்பாடு ஒரே ஓட்டத்தின் இரு இடங்களை ஒப்பிடுவது. வாயிலிருந்து வரும் காற்றையும் அடியில் அசையாமல் இருக்கும் காற்றையும் அது ஒப்பிடாது. வாயை விட்டு வெளியே வந்த தாரையின் அழுத்தம் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தமே. காகிதம் எழுவதற்குக் காரணம் காற்று அதன் வளைவை ஒட்டி வளைந்து போவது. சரிபார்ப்பதும் எளிது: காகிதத்தை நேராகத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தில் அதற்கு இணையாக ஊதிப் பாருங்கள். கையேடு சொல்வது சரியென்றால் அது ஊதும் பக்கம் நன்றாகச் சாய வேண்டும். அப்படிச் சாய்வதில்லை.

வாங்கலாமா என்றால், டிஜிட்டல் தராசு ஏற்கெனவே இருக்கும் பள்ளி தாராளமாக வாங்கலாம். தனி மாணவருக்கு முழுப் பெட்டி தேவையில்லை. இரண்டு சிரிஞ்சு, பலகையில் கட்டிய ஒளிபுகும் குழாய், ஒரு புனல் இருந்தால் மேலே சொன்னவற்றில் பாதியைச் செய்துவிடலாம்.

வாங்கியவர்கள் ரப்பர் பாகங்களைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டனை உள்ளே முழுதாகத் தள்ளி மாதக்கணக்கில் வைத்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். கழற்றித் தனியாக வையுங்கள். மானோமீட்டரில் சாய நீரை விட்டுவைத்தால் குழாயில் கறை ஏறி மட்டமே தெரியாமல் போகும். படலத்தை அவிழ்த்து, காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். உப்புநீர் பட்ட உலோக உருளையையும் தராசின் கொக்கியையும் அன்றே நல்ல நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.